ஆஃப்ரோடு வண்டிக்கு டூல் கிட்: ரெடிமேட் பெட்டி வாங்குவதா, நாமே சேர்ப்பதா?

ஆஃப்ரோடு வண்டிக்கு அவசர டூல் கிட் ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் மூன்று வழிகள் தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் அடுக்கிய ரெடிமேட் பெட்டியை வாங்கி டிக்கியில் போட்டுவிடலாம். வண்டியோடு கம்பெனி கொடுத்த ஜாக்கி, வீல் ஸ்பேனரோடு சில பொருட்களை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி நம் வண்டிக்கென்றே ஒரு கிட் சேர்க்கலாம். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் எல்லோருக்கும் அது அவசியமா என்றால் இல்லை, வண்டி நின்றுபோகக்கூடிய இடத்துக்கு உதவி வருமா, வந்தால் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைப் பொறுத்தது அது.

ரெடிமேட் பெட்டியின் பெரிய குறை, அது எந்த வண்டியையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள், கால் இஞ்ச் சாக்கெட்டுகள், ஆலன் கீகள் என்று நிரப்பியிருப்பார்கள். வீல் நட்டுக்கு வேண்டிய 19 அல்லது 21 மி.மீ. சாக்கெட் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அதைத் திருப்ப ஒரு ஜாண் நீள ராட்செட்தான் கிடைக்கும். பெரும்பாலான எஸ்யூவிகளில் வீல் நட்டை 100 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியிருப்பார்கள். 30 செ.மீ. கைப்பிடியை வைத்து 110 நியூட்டன் மீட்டர் கொடுக்க நுனியில் ஏறக்குறைய 37 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும், 60 செ.மீ. கைப்பிடியாக இருந்தால் அதில் பாதி போதும். துருப்பிடித்த நட்டு இதைவிடவும் அதிகம் கேட்கும். மலிவான ராட்செட்டின் பல் உடைவதும், நட்டின் முனை மழுங்குவதும் இந்த இடத்தில்தான். ரோட்சைட் எமர்ஜென்சி கிட் என்று தனியாக ஒரு பை விற்கிறார்களே, அது தார் ரோட்டுக்காகச் செய்தது. அதில் இருக்கிற எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் சட்டையும் உருப்படியானவை, மெல்லிய ஜம்பர் கேபிளையும் விரல் தடிமன் கயிறையும் நம்பி மண்பாதையில் இறங்காதீர்கள்.

இரண்டாவது வழியை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். செல்போன் சிக்னல் கிடைக்கிற, அன்றைக்கே திரும்பிவிடுகிற, கூட இன்னொரு வண்டியும் வருகிற பயணங்களுக்கு அது தாராளமாகப் போதும். கம்பெனி ஜாக்கியோடு ஒரு தடித்த பலகை, பஞ்சர் ஒட்டும் சாமான், 12 வோல்ட் கம்ப்ரஸர், நீளமான கைப்பிடி, தலையில் மாட்டுகிற டார்ச், நல்ல கையுறை, சிறிய தீயணைப்பான். வேலை முடிந்தது. இதற்கு மேல் செலவு செய்வதற்கு முன்னால் டயரை மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதைத் தாண்டிப் போகிறவர்கள் நாமே சேர்க்கிற வழிக்கு வர வேண்டும். இதில் நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று: வீட்டில் வைத்து இந்தச் சாமானால் என் வண்டியில் ஒரு வேலை செய்து பார்த்திருக்கிறேனா? ஒரு விடுமுறை நாளில் கிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடுங்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுங்கள், ஏர் ஃபில்டரைத் திறங்கள், அடியில் இருக்கிற தகட்டை ஒரு பக்கம் இறக்குங்கள், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூஸை உருவிப் பாருங்கள். கை எந்தெந்த ஸ்பேனருக்குப் போகிறதோ அவைதான் உங்கள் கிட். ஜப்பானிய வண்டி என்றால் பெரும்பாலும் 10, 12, 14, 17, 19 மி.மீ.யில் அடங்கிவிடும். ஐரோப்பிய வண்டி என்றால் 10, 13, 16, 18 என்று போகும், நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் போல்ட்டுகளும் நடுவில் வந்து நிற்கும். பழைய அமெரிக்க ஜீப்பும் பழைய லேண்ட் ரோவரும் இஞ்ச் அளவு கேட்கும், அவற்றுக்கு மி.மீ. செட்டை வாங்கி வைத்தால் பாதி நட்டுகளில் தொளதொள என்று ஆடும்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு மூலை உள்ளதா, பன்னிரண்டு மூலை உள்ளதா என்று பாருங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் இடுக்கில் சட்டென்று பொருந்தும், அது ஒரு வசதிதான், ஆனால் நட்டின் முனைகளுக்கு ஒட்டித்தான் விசை விழும், அதனால் சேறும் துருவும் ஏறிய நட்டு சீக்கிரம் மழுங்கிவிடும். ஆறு மூலை பக்கவாட்டுப் பரப்பில் பிடிக்கும். அவசரக் கிட்டுக்கு யோசிக்காமல் ஆறு மூலைதான். சக்கரத்துக்கு அரை இஞ்ச் டிரைவில் (சாக்கெட்டுக்குள் நுழைகிற சதுர முனையின் அளவு) ராட்செட் இல்லாத நீளக் கம்பியும் ஆழமான சாக்கெட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் 3/8 இஞ்ச் செட், இந்த இரண்டும் போதும். கிராஸ் வடிவ வீல் ஸ்பேனரும் நல்லதுதான், இரண்டு கையாலும் சமமாகத் தள்ளலாம், ஆனால் டிக்கியில் அடக்க முடியாது.

சக்கரம் பற்றிப் பேசும்போதே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் திருட்டைத் தடுக்கிற லாக் நட்டு இருந்தால் அதன் சாவி கிட்டுக்குள் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் இல்லை. அடுத்தது, சில வண்டிகளில் வீல் நட்டின் மேல் மெல்லிய குரோம் தொப்பி போர்த்தியிருக்கும், உள்ளே துரு ஏறினால் அது உப்பிவிடும், கம்பெனி கொடுத்த ஸ்பேனரே நுழையாது. இப்படிப்பட்ட நட்டு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, ஒற்றைத் துண்டு நட்டாக மாற்றிவிடுவது கிட்டில் இன்னொரு சாக்கெட் வைப்பதைவிட மேல்.

ஜாக்கியில்தான் ஆளுக்கொரு கருத்து. கம்பெனியோடு வருகிற கத்தரி ஜாக்கியின் அடிப்பகுதி உள்ளங்கை அளவு, மணலில் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். பாட்டில் ஜாக்கி சிறியது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதால் குறைந்த கைவலியில் நிறைய எடை தூக்கும். ஆனால் அதை மடக்கிய நிலையில் எவ்வளவு உயரம் என்று அளந்து வாங்க வேண்டும், காற்றிறங்கிய டயரோடு ஆக்ஸில் எவ்வளவு கீழே இறங்கி நிற்கும் என்பதுதான் அதற்கான அளவு. ஆக்ஸிலுக்கு அடியில் வைத்தால் தூக்கியவுடன் சக்கரம் மேலே வரும். சேசிஸில் வைத்தால் சஸ்பென்ஷன் தொங்கித் தொங்கி, ஜாக்கி முழு நீளத்துக்கு நீண்ட பிறகும் டயர் தரையை விட்டுக் கிளம்பாமல் இருக்கலாம். உயரமாக்கிய வண்டிகளில் இது நிச்சயம் வரும்.

படங்களில் எல்லா ஆஃப்ரோடு வண்டியிலும் மாட்டியிருக்கிற நீளமான ஹை-லிஃப்ட் ஜாக்கி 1905-லிருந்து புழங்குகிறது, கவர்ச்சியாகவும் இருக்கும். 48 இஞ்ச் ஜாக்கி ஏறக்குறைய 13 கிலோ. அதைப் பொருத்த இரும்பு பம்பரோ பக்கவாட்டு ஸ்லைடரோ வேண்டும், பிளாஸ்டிக் பம்பர் வண்டியில் வைக்க இடமே கிடையாது. எடை தாங்கிய நிலையில் கை நழுவினால் கைப்பிடி முகத்துக்கு வருகிற வேகத்தில் தாடை உடையும். பழகியவர்கள் கையில் அது ஜாக்கியாகவும், சிக்கிய வண்டியை இழுக்கிற கை வின்ச்சாகவும் உழைக்கும், புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு நான் பாட்டில் ஜாக்கியும் ஓரடிக்கு ஓரடி 18 மி.மீ. பிளைவுட் பலகையும்தான் சொல்வேன். புகைக்குழாயிலிருந்து காற்று நிரப்புகிற பை ஜாக்கி மணலில் அருமையாக வேலை செய்யும், கூர்மையான கல்லும் சூடான சைலன்சரும் அதற்கு எதிரி. எந்த ஜாக்கியாக இருந்தாலும் சரி, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போடுவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாமல் இருப்பது, இவை மூன்றிலும் சமரசம் வேண்டாம்.

பஞ்சருக்கு வருவோம். பாட்டிலில் அடைத்து வருகிற சீலன்ட் திரவம், கயிற்றுப் பிளக், இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி. சீலன்ட் ஊற்றுவது சுலபம், சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், கை அழுக்காகாது. ஆனால் அது தரையில் படுகிற ட்ரெட்டில் ஆணி போட்ட ஓட்டைக்கு மட்டும்தான். 6 மி.மீ.க்கு மேல் கிழிந்தால் வழிந்தோடிவிடும், பக்கச் சுவரில் கல் வெட்டினால் பிரயோஜனமில்லை. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு, ஒரு பாட்டில் ஒருமுறைதான். கயிற்றுப் பிளக் விலையும் குறைவு, எடையும் இல்லை, ஒரே நாளில் பல முறை ஒட்டலாம்.

பிளக் போடுவது பார்க்க எளிதாக இருக்கும், முதல் தடவை செய்யும்போது மூச்சு வாங்கும். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதை மனதில் வைத்துக்கொண்டு குறட்டால் இழுத்துவிட்டு, அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை உள்ளே தள்ளிப் பலமுறை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். டயருக்குள் இருக்கிற எஃகு இழைகள் கயிற்றை அறுக்காமல் இருக்க இந்தத் தேய்ப்பு அவசியம், பலர் இதை அவசரமாக முடித்துவிடுவதால்தான் பிளக் பத்து கிலோமீட்டரில் துப்பிவிடுகிறது. பிறகு கயிற்றை ஊசிக் காதில் பாதி வரை கோத்து, பசை தடவி, இரண்டு முனையும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும்வரை உடம்பின் எடையைப் போட்டு அழுத்தி, திருகாமல் வெடுக்கென்று ஊசியை உருவ வேண்டும். மீதியை வெட்டிவிட்டுக் காற்றடித்து மறுபடி சோப்புத் தண்ணீர். பெரிய ஓட்டையில் இரண்டு மூன்று கயிறுகளைச் சேர்த்தே திணிக்கலாம். பக்கச் சுவரில் போட்டால் அது தார் ரோடு வரை மெதுவாக ஊர்ந்து வருவதற்கு மட்டும், அதன்பிறகு அந்த டயருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். கிட் வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள், ஆங்கில டி எழுத்து வடிவத்தில் உலோகக் கைப்பிடி வேண்டும், பிளாஸ்டிக் பிடி தடித்த ஆஃப்ரோடு டயரில் உடைந்து உள்ளங்கையைக் குத்தும்.

காற்றடிக்கக் கம்ப்ரஸர் இல்லாமல் இதெல்லாம் வீண். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிறதா, பேட்டரியில் கிளிப் மாட்டுகிறதா? லைட்டர் சாக்கெட்டுக்குப் பல வண்டிகளில் 10 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸ்தான், 15 ஆம்பியர் என்றால் 180 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. பெரிய டயருக்கு அது நேரம் எடுக்கும், சூடாகி நிற்கும். மணலில் இறங்குவதற்கு முன் டயரை 15-18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான்கையும் நிரப்புகிறவர்களுக்குக் கிளிப் மாடல்தான் சரி, இன்ஜினை ஓடவிட்டே அடியுங்கள். வெறும் பஞ்சருக்கு மட்டும் என்றால் லைட்டர் சாக்கெட் மாடல் போதும். இரண்டுக்குமே தனியாக ஒரு காற்றுமானி வையுங்கள், கம்ப்ரஸரில் ஒட்டியிருக்கிற மானியை நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. வால்வு உள்முனை கழற்றுகிற சின்னச் சாவியும் இரண்டு உபரி வால்வு ஊசிகளும் தீப்பெட்டி அளவு இடம்கூட எடுக்காது.

சிக்கிக்கொண்ட வண்டியை இழுப்பதில் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, நீங்கள் தனியாகப் போகிறீர்களா, கூட்டமாகவா? தனியாகப் போகிறவருக்குக் கயிறு வெறும் சுமை, இழுக்க இன்னொரு வண்டி எங்கே? அவருக்கு மண்வெட்டியும், சக்கரத்துக்கு அடியில் போடுகிற பிடிமானப் பலகை ஒரு ஜோடியும்தான் முதல் செலவு. ஆஸ்திரேலியாவில் பிரபலமான இந்தப் பிளாஸ்டிக் பலகைகளை ஓரளவு தோண்டிவிட்டு டயருக்கு அடியில் நன்றாக நுழைத்து வைத்தால் வேலை செய்யும், மேலாக வைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் சுழன்று பலகையின் மேல் இருக்கிற பற்கள் உருகிவிடும். மடக்கு மண்வெட்டி அழகாக இருக்கும், ஆனால் நீளக் கைப்பிடி இருந்தால்தான் வண்டிக்கு அடியில் எட்டும்.

கூட்டமாகப் போகிறவர்கள் கயிற்றில் மூன்று வகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலியஸ்டர் இழுவைப் பட்டை அதிகம் நீளாது, ஓடாத வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுத்துச் செல்ல அதுதான். நைலான் ஸ்னாட்ச் பட்டை ஏறக்குறைய 20 சதவீதம் நீளும், நைலான் கைனட்டிக் கயிறு 30 சதவீதம் வரை. இவை நீண்டு சுருங்குகிற விசையால் சேற்றில் புதைந்த வண்டியை வெளியே எடுக்கும். நீளாத பட்டையைக் கட்டிக்கொண்டு வேகமாக இழுத்தால் அடி முழுவதும் சேசிஸின் மேல் விழும். கயிற்றின் அறுபடும் பலம், இரண்டில் எடை குறைந்த வண்டியின் சுமையோடு கூடிய எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 2.5 டன் வண்டி என்றால் 5 முதல் 7.5 டன்னுக்குள் வரும், கடையில் கிடைப்பது 8 டன் என்றால் அதை எடுக்கலாம். அளவுக்கு மீறிய தடிமன் வாங்கினால் கயிறு நீளாது, கைனட்டிக் என்ற பெயருக்கே பயனில்லாமல் போகும். நைலான் நனைந்தால் 10 முதல் 20 சதவீதம் பலம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கயிற்றைவிட முக்கியம் அதைக் கட்டுகிற இடம். டிரெய்லர் இழுக்கிற உருண்டையில் ஒருபோதும் கட்டக் கூடாது. அது உடைந்து தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஏற்றுமதியின்போது வண்டியைக் கட்டுகிற மெல்லிய வளையத்திலும் கட்டக் கூடாது. சேசிஸில் போல்ட் போட்ட ரெக்கவரி கொக்கி இல்லாத வண்டிக்கு, கயிறு வாங்குவதற்கு முன்னால் அதுதான் வாங்க வேண்டியது. கயிற்றைக் கொக்கியோடு இணைக்கிற வளையமான ஷேக்கிளில் இரும்பா, கயிற்றால் செய்த சாஃப்ட் ஷேக்கிளா என்றால் என் தேர்வு சாஃப்ட்தான், அறுந்தாலும் பறந்து வந்து அடிக்கிற எடை அதில் இல்லை. கூரான விளிம்பில் உரசினால் அறுந்துவிடும் என்பதால் 4.75 டன் என்று பொறித்த 19 மி.மீ. இரும்பு ஷேக்கிள் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். பொறிப்பு இல்லாத ஷேக்கிளைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பேட்டரிக்கு ஜம்பர் கேபிள், லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் இரண்டில் ஒன்று. கேபிளுக்கு இன்னொரு வண்டி வேண்டும், மற்றபடி கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. வாங்கும்போது தடித்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். பின்னது செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும், டீசல் வண்டிக்கு 25 சதுர மி.மீ. செம்புக்குக் குறையக் கூடாது. தனியாகப் போகிறவருக்கு லித்தியம்தான், ஆனால் அதைச் சார்ஜ் பண்ணி வைக்கிற பழக்கம் வேண்டும், வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ளேயே போட்டு வைத்தால் அதன் ஆயுள் குறையும். ஒன்று கவனியுங்கள், குலுங்கிக் குலுங்கி வந்த வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், டெர்மினல் தளர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு 10 மி.மீ. ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் அதைத் தீர்த்துவிடும்.

ஒட்டுப்போடுகிற சாமான்களில் ஒப்பிட அதிகம் இல்லை, எல்லாமே சிறியவை: தன்னோடு தானே ஒட்டுகிற சிலிக்கான் டேப், எபாக்ஸி பசை, கட்டுக்கம்பி, கேபிள் டை, ஹோஸ் கிளிப் சில, அதே ஆம்பியர் உபரி ஃபியூஸ்கள், ஒரு சாதாரண மல்டிமீட்டர், சஸ்பென்ஷன் உடைந்தால் ஆக்ஸிலை இழுத்துக் கட்ட ஒரு ராட்செட் பட்டை. டபிள்யூடி-40 ஒரு சின்ன கேன். 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காகவே 40-ஆவது முயற்சியில் செய்தது என்பதால், ஓடையைக் கடந்த பிறகு ஈரமான மின் இணைப்புகளில் அடிக்கலாம். தீப்பற்றக்கூடியது, சூடான சைலன்சர் பக்கம் வேண்டாம். குடிக்கிற தண்ணீர் தவிர ரேடியேட்டருக்கென்று தனித் தண்ணீர், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில்.

இத்தனையையும் போட இரும்புப் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா, துணிச் சுருளா? ஸ்பேனர்களுக்குச் சுருள், சத்தம் போடாது, சேற்றில் விரித்துப் போட்டால் ஒரு சாமான் காணாமல் போகாது. ஜாக்கி, ஷேக்கிள் போன்ற கனமானவற்றுக்கு மூடி இறுகுகிற பெட்டி, அதைத் தரையோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். வண்டி கவிழும்போது கட்டாத டூல் பெட்டி உள்ளே இருப்பவர்களின் தலைக்குத்தான் வரும்.

ஒரே நேரத்தில் எல்லாம் வாங்க முடியாதவர்கள் முதலில் டயர் சாமான்களையும் கம்ப்ரஸரையும், அடுத்து மண்வெட்டியையும் ரெக்கவரி கொக்கியையும், அதன்பிறகு நல்ல சாக்கெட் செட்டையும் வாங்குங்கள், வின்ச்சைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். வாங்கியதில் அடிக்கடி பார்க்க வேண்டியது பிளக் கிட்டில் இருக்கிற பசை ட்யூப்தான், திறக்காமல் இருந்தாலே காய்ந்துவிடும், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அமுக்கிப் பார்த்துக் கல்லாகியிருந்தால் புதிது வையுங்கள்.